மாத்திரையைப் பற்றி அவரிடம் சொன்னேன்

பன்னிரண்டு வயதில் எனக்கு வலிப்பு வந்தது. அன்றிலிருந்து திருப்பதி டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காலையும் இரவும் போட்டுக்கொள்கிறேன். அதோடுதான் படித்தேன், ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தேன். எங்கள் ஊரான சத்தியவேட்டில் எங்கள் வீட்டைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

இருபத்தாறு வயதில் மாப்பிள்ளை அமைந்தது. அவர் பங்காருபாளையம் பக்கம் மாம்பழக்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசர். நிச்சயமான பிறகு இரண்டு மாதம் தினமும் போனில் பேசினோம். நான்தான் பேசுவேன். நடுவில் நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே நாள் முழுதும் நடந்ததைச் சேர்த்துவைத்தேன்.

மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அம்மா சொல்லவிடவில்லை.

"அவங்க கேக்கல, நாம ஏன் சொல்லிக்கினு இருக்கணும்? கல்யாணம் ஆன புதுசுல ஒரு மாசம் மாத்திரைய நிறுத்தி வெய்யி. ஒண்ணும் ஆவாது."

பள்ளியில் படிக்கும்போது இரண்டு நாள் மறந்துபோய் அடுப்பங்கரையில் விழுந்திருக்கிறேன். அம்மாதான் தூக்கினாள். அது தெரிந்தும் அப்பா, எங்கள் நைனா, அம்மாவைத் தடுக்கவில்லை.

முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் திருப்பதிக்குப் போனோம். கடைக்குப் போகுமுன் கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் போனோம். சன்னதியில் பக்கத்தில் நின்ற அம்மா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"பெருமாளே, விஷயம் வெளிய தெரியாம நீதான் பாத்துக்கணும்."

அதுவரை நானும் அதையேதான் வேண்டிவந்தேன். இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான், யாரை என் பொய்க்குக் கூட்டுச் சேர்க்கிறேன் என்று உறைத்தது. தண்டனையை நினைத்து வந்த பயமில்லை. எல்லாம் தெரிந்த அந்த முகத்தை இனி எப்படி நிமிர்ந்து பார்ப்பேன் என்ற பயம்.

வெளியே வந்ததும், செருப்பு விட்ட இடத்தில் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "தினமும் போடணுமா?"

"தினமும்."

"யார் சொல்லச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. சாமி முன்னாடி நிக்க முடியல."

தலையாட்டிவிட்டுத் தன் அப்பாவிடம் போனார். புடவை எடுக்காமலே எல்லோரும் ஊர் திரும்பினோம். ஒரு வாரம் கழித்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அன்று மாலை அவர் கடைசியாகக் கூப்பிட்டார்.

"எவ்ளோ சொல்லியும் வீட்ல ஒத்துக்கல. நீ மாத்திரைய மட்டும் விட்றாதே."

அம்மா ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன்பின் நான் எதையும் மறைக்கவில்லை. கூட வேலை செய்யும் பெண்களிடமும் சொல்லிவைத்தேன். அடுத்த வருடம் ஒரு நாள், ஜுரத்தோடு வேலைக்குப் போனபோது, மெஷின் பக்கத்திலேயே வலிப்பு வந்தது. அவர்கள் பதறாமல் மெஷினை நிறுத்தி, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மா என் தலையைக் கோதிக்கொண்டே, "ஒண்ணும் தெரியாதவங்க வீட்ல விழுந்திருந்தா..." என்றாள்.

அவருக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. போன மாதம் எனக்கும் ஒரு வரன் வந்தது. அவர்கள் காபியைக் கையில் எடுக்குமுன்னே நைனா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள்.

சொன்னதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் இவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கேற்றிக் கண்ணை மூடினால், இன்னமும் அவருடைய நினைப்புதான் முதலில் வருகிறது.