மாமாவின் இடது பக்கம்

என் மாமாவின் காதுகள் முந்திரிப் பருப்பு போல இருந்தன. வெளுத்து, வீங்கி, தன்னைத்தானே மடித்துக்கொண்ட காதுகள். கடலூரில் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அப்படிக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன். மற்ற பிள்ளைகளின் மாமாக்கள் துபாயிலிருந்து சென்ட் பாட்டில் கொண்டுவந்தார்கள். என் மாமா பிரான்சிலிருந்து காதைக் கொண்டுவந்தார்.

அவர் அம்மாவுக்குத் தம்பி. பாண்டிச்சேரியில் அவர்களுடைய பெரியப்பா ஒருவர் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில், இருந்தவர். தனக்குப் பிள்ளை இல்லையென்று மாமாவைப் பதினான்கு வயதில் தத்தெடுத்து அந்த நாட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். நன்றாகப் படிக்கட்டும் என்றுதான் போனது. ஆனால் அங்கே பள்ளிக்கூடத்தில் அவருடைய தோளைப் பார்த்தவர்கள், புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு ரக்பி மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தெற்கே ஒரு சின்ன ஊரின் அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்து, பத்து வருடமாக ஆடிக்கொண்டிருந்தார். மாதா கோயில் வாசலில் யாராவது தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டால், அம்மா "வெளையாடறான்" என்பாள். "அது சரி, வேல என்னா?" என்று அவர்கள் மறுபடி கேட்பார்கள்.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் அவர் இரண்டு மாத ஓய்வுக்கு வந்தார். கடைசி ஆட்டத்தில் யாருடைய முழங்காலோ தலையில் இடித்துவிட்டதாம். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று பகலெல்லாம் நடு அறையில் நீலத் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பார். "ஒடம்புல சூடு ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று அம்மா முடிவு செய்து வாரத்துக்கு மூன்று நாள் எண்ணெய் தேய்த்துவிட்டாள். பெரியம்மா கண்திருஷ்டி என்று முடிவு செய்து, ஜெபமாலை உருட்டிய அதே கையால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். தலைக்குள் ஏதோ ஆகியிருக்கும் என்று மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை.

எனக்கு அந்த அறை ரொம்பப் பிடிக்கும். திரை வழியாக வரும் வெளிச்சத்தில் கட்டில், அலமாரி, மாமா எல்லாமே தண்ணீருக்கடியில் கிடப்பது போலத் தெரியும். பனியில் நனைந்த மைதானங்களைப் பற்றி மெல்லிய குரலில் சொல்வார். அங்கே மூச்சு விட்டால் புகை வருமாம். தோள் சேர்த்துக் குனியும் எட்டுப் பேர் மூச்சும் ஒன்றாகக் கலந்து மேலே போகுமாம். கேட்டுக்கொண்டே தூங்கிப் போவேன். விழிக்கும்போது அதே கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். எனக்காகத்தான் திரும்பச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போவோம். மணலில் ஏற்றி வைத்த படகுதான் எங்களுக்கு எதிரணி. மாமா முதல் வரிசையில் வலது ஓரத்தில் நிற்பவர். எட்டுப் பேர் குனிந்து ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, எதிரில் குனிந்து நிற்கும் எட்டுப் பேரைத் தோளால் முட்டித் தள்ளுவார்கள். அதில் நசுங்கி நசுங்கித்தான் மாமாவின் காது அப்படி ஆனது. பந்தோடு ஓடிப் பேர் வாங்குகிறவர்கள் பின்னால் நிற்பார்கள். என்னைத் தன் இடது பக்கம் நிறுத்தி, அவர் சட்டையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்.

"நல்லா புடி பாப்பா. நீ வுட்டுட்டா நான் வுழுந்துடுவேன்."

"நான் எப்டி மாமா ஒன்னத் தாங்குவேன்?"

"பக்கத்துல இருக்கறவனுக்குக் காலு வழுக்குனா தாங்கிக்கணும். வெளிய இருந்து பாக்கறவனுக்கு அது தெரியவே கூடாது. அதான் எங்க வேல."

இருவரும் தம் கட்டித் தள்ளுவோம். படகு அசையாது. என்னால் அசைந்ததாக அவர் சத்தியம் செய்வார்.

மாமாவின் மறதி எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை. பால் வாங்கப் போனவர் கெடிலம் ஆற்றுப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாதான் வண்டியில் ஏற்றி வந்தார். "ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாம் ஞாபகம் வந்துடும்" என்று பெரியம்மா சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. அவருடைய அணி முதல் முறையாகப் பெரிய பிரிவுக்கு ஏறியிருந்தது. மாமா பத்து வருடம் காத்திருந்தது அதற்குத்தான். டிவியில் மட்டும் பார்த்த அணிகளோடு இனி தோள் முட்டலாம். ஆனால் தலை சரியாகிவிட்டது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மைதானத்தில் இறங்க விடுவார்களாம். அம்மாவிடம் தோள்பட்டையைக் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். குடிகாடு தாண்டும்போது அங்கேயுள்ள ரசாயன ஆலைகளின் நாற்றத்துக்கு பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். மாமா மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு, ஏன் எல்லோரும் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். பெரிய வீரர் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு ஐந்து வார்த்தைகள் சொன்னார். யானை, கதவு, எலுமிச்சை, சைக்கிள், மழை. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், கடைசியில் அந்த ஐந்து வார்த்தைகளைக் கேட்டார். மாமா யானை என்றார். கொஞ்சம் யோசித்து, மழை என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எனக்கு ஐந்தும் தெரியும். கையைத் தூக்கினேன். டாக்டர் சிரித்துவிட்டு, நன்றாகத் தூங்கி அடுத்த வாரம் வரச் சொன்னார்.

திரும்பும்போது மாமா முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியதில் எங்கள் சீட்டே ஆடியது. "ஒரே ஒரு வருஷம் பாப்பா. அப்புறம் இங்கயே வந்துடறேன்" என்றார், நான்தான் பிடித்து வைத்திருப்பது போல. எனக்குத் தாங்கவில்லை.

"அடுத்த வாரம் நான் ஒன் எடது பக்கம் ஒக்காந்துக்கறேன் மாமா" என்றேன்.

அந்த யோசனை என்னுடையதுதான். வாரம் முழுக்கப் பழகினோம். அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் விரலால் முதல் எழுத்தை மட்டும் எழுதுவேன். கண்ணை மூடிக்கொண்டு முழு வார்த்தையைச் சொல்வார். தப்பாகச் சொன்னால் கிள்ளுவேன். இவ்வளவு நல்ல விளையாட்டை அதற்கு முன் யாரும் என்னோடு விளையாடியதில்லை.

மறுவாரம் டாக்டர் வேறு ஐந்து வார்த்தைகள் சொன்னார். மேசைக்குக் கீழே நான் எழுதினேன். பூ. மா. சி. தா. க. பூட்டு, மாடு, சிவப்பு, தாமரை, கப்பல் என்று மாமா பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லி முடித்தார்.

"பாத்தீங்களா, நல்லா தூங்குனா எல்லாம் சரியாயிடும்" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

கீழ வீதியில் ஒரு கடையில் மாமா இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் வாங்கித் தந்தார். பிறகு என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். கோயில் கோபுரத்துப் புறாக்கள் எனக்குச் சமமாகப் பறந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு உயரத்தில் நான் மறுபடி இருந்ததில்லை. ஜூலையில் அவர் விமானம் ஏறினார்.

இப்போது மாமா எங்களோடுதான் இருக்கிறார். நாற்பதைத் தாண்டிவிட்டது. சில நாள் என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நானும் என்னடா தம்பி என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளங்கையில் எழுதியதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிடுவார்கள். அது எனக்கு ஆறுதலாக இருக்காது.

அந்த வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பாவின் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்து மாமாவின் ஆட்டத்தைப் பார்த்தோம். மைதானத்தின் மேல் மெல்லிய பனிமூட்டம். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்த குவியலிலிருந்து எல்லோரும் எழுந்த பிறகு, கடைசியாக மாமா எழுந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். நிதானமாக நடந்து போய் எதிரணியின் வரிசையில் குனிந்து, பக்கத்தில் இருந்தவனைப் பிடித்துக்கொண்டார். அவன் திடுக்கிட்டுத் தள்ளிவிட்டான். மாமா மறுபடியும் போய் அவனையே பிடித்தார். கூட்டம் சிரித்தது. அப்பாவும் பெரியம்மாவும் சிரித்தார்கள். அம்மா மட்டும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துள்ளி எழுந்து கைதட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"மாமா அவுங்கள ஏமாத்தறாரு!"