பெயர் சொல்லாத பச்சிலை

என் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, அந்தியூர் பக்கம் ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனேன். அரைத்த பச்சிலை உருண்டையைக் கொடுத்து, மோரில் கலந்து குடிக்கச் சொன்னார். என்ன தழை என்று கேட்டேன்.

"பேரைச் சொன்னாப் பலிக்காது, அம்மணி" என்றார். நம் பக்கத்து வழக்கம்தானே என்று பேசாமல் வாங்கி வந்தேன்.

மறுநாள் காலையில் குடித்தவர், மதியத்துக்குள் ஓயாமல் வாந்தியெடுத்து நினைவிழந்தார். கோவை ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன தழைன்னே தெரியாம நான் எப்படிங்கம்மா வைத்தியம் பாக்கறது?" என்று அதட்டினார். கொழுந்தனார் பஸ் பிடித்து அந்தியூருக்கு ஓடினார். பெயரைக் கேட்டுக்கொண்டு அவர் திரும்பியபோது என் கணவர் உயிரோடு இல்லை.

இப்போது யார் எந்தச் சாறு கொடுத்தாலும் முதலில் பெயரைக் கேட்கிறேன். சொல்லாவிட்டால் அவர்கள் கண்ணெதிரிலேயே கீழே கொட்டிவிடுகிறேன். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.