வெடித்த தகடும் லிஃப்டின் தரையும்

“...மடிச்சா வெடிச்சிடும் மச்சி. அதுமேல பெயின்ட் அட்ச்சா மட்டும் ஒட்டிக்குமா?”

கூட வேலை பார்த்த ஜாபர் இப்படிக் கேட்டு ஏழெட்டு வருடம் இருக்கும். போன வாரம் தி. நகரில் ஓர் அடுக்ககத்தின் லிஃப்ட், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் என்னை வைத்துக்கொண்டு நின்றபோது அந்தக் குரல் திரும்பி வந்தது. மின்விசிறி ஓடவில்லை. கீழிருந்து வாட்ச்மேன், “பயப்படாத சார், ஆளு வந்துகினே கீறான்” என்று கத்தினார். எத்தனை முறை கேட்டாலும் ஆள் வந்துகினேதான் இருந்தான்.

வேறு வழியில்லாமல் தரையைப் பார்த்தேன். கால் வழுக்காமல் இருக்கக் குட்டிக் குட்டிக் கோடுகள் எழும்பிய அலுமினியத் தகடு. செக்கர் பிளேட் என்போம். எங்கிருந்தோ மெஷின் எண்ணெய் வாசனை. உட்கார்ந்து, தகடு மடியும் ஓரத்தை விரலால் தடவினேன். கீறல் இல்லை. யாரோ விஷயம் தெரிந்து வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இருந்ததில்லை.

அப்போது கே.கே. நகரில் ஒரு பட்டறையில் சாமான் வாங்கிப் போடும் வேலை எனக்கு. தகடு மடிக்கிற மெஷின் ஜாபர் பொறுப்பு. அவனுக்கும் என் வயதுதான். குள்ளம். அதனால் ஒரு சாண் உயரத்துக்குத் தானே ஒரு படி செய்து, அதன்மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வான். யாராவது சிரித்தால், “மேல நிக்கிறவன் நானு, எதுக்குடா நீ சிரிக்கிற?” என்பான். படகு வேலையில் மிஞ்சிய செக்கர் பிளேட்டில் செய்த படி அது.

செல்வியக்கா பெசன்ட் நகர் கடற்கரையில் மீன் வறுத்து விற்பவர். ஆற்றோரத்து வீட்டை இடித்து ஊருக்கு வெளியே குடிவைத்துவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவரும் குள்ளம். அடுப்பு உயரத்துக்கு எட்ட ஒரு மரப்பலகைமேல் நிற்பார். மீன் கழுவிய தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து ஒருநாள் பலகை வழுக்கிவிட்டது. பிடித்துக்கொள்ளக் கை நீட்டிய இடத்தில் வாணலி. முழங்கைவரை தழும்பு. பட்டறைக்கு வந்து, “அரிசி அரிசியா தூக்கிகினு இருக்குமே, அந்தத் தகட்டுல ஒரு படி செய் நைனா. இன்னொரு தபா வுழுந்தா நான் எழுந்துக்க மாட்டேன்” என்றார். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னேன்.

தகட்டுக் கடையில், “இன்னா கிரேடு சார்? மூவாயிரமா, அஞ்சாயிரமா, ஆறாயிரமா?” என்றார்கள். விலையில்லை, கலவையின் எண். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் நாலு பேர் நிற்கிறார்களே! ஐந்தாம் வகுப்பைவிட ஆறாம் வகுப்பு பெரிதுதானே என்று, “இருக்கிறதுலயே பெரிசு கொடுங்க” என்றேன். வெட்டியும் வாங்கிக்கொண்டேன். வெட்டிய தகட்டைக் கடை திரும்ப எடுக்காது.

வெள்ளிக்கிழமை ஜாபர் ஒரு துண்டை வைத்து மடித்தான். பட்டென்று ஒரு சத்தம். மடிப்பு நெடுக மயிரிழை மயிரிழையாக விரிசல்.

“மூணு, சொன்னபடி மடியும், ஆனா மெத்து. ஆறு, முறுக்கு மச்சி, ஒடைஞ்சாலும் ஒடையும், வளையாது. அஞ்சுதான் மடியும், உப்புக் காத்தையும் தாங்கும். படகுக்கே அதான் போடுறோம். இது கூடவா தெரியாது?”

வாசலில் செல்வியக்காவின் குரல் கேட்டது. மறுநாள் சனிக்கிழமை, கடற்கரையில் கூட்டம் நெரியும். முன்னால் அக்கா, பின்னால் வெடித்த தகடு. எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. லிஃப்டிலாவது மணி அடிக்க ஒரு பொத்தான் இருந்தது. “கொஞ்சம் மெதுவா மடிடா, விரிசல்மேல பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடலாம்” என்று ஜாபரிடம் கெஞ்சினேன். எழுதவே கை கூசுகிறது.

லிஃப்ட் ஒருமுறை குலுங்கி மறுபடி நின்றது. ஜாபரைக் கூப்பிடலாமா என்றுகூட நினைத்தேன். அவன் எண் உபயோகத்தில் இல்லை என்று சொல்ல ஆரம்பித்து வருடங்களாகின்றன. பட்டறை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. கடற்கரையில் செல்வியக்காவின் வண்டி நின்ற இடத்தில் வேறு யாரோ சோளம் சுடுகிறார்கள். எந்தத் தகடு எதற்கு என்று இப்போது போனே சொல்லிவிடுகிறது. யாரிடமும் திட்டு வாங்க வேண்டியதில்லை.

அன்றைக்கு அவன் பெயின்ட் பற்றிக் கேட்ட கேள்வி செல்வியக்கா காதிலும் விழுந்துவிட்டது. உள்ளே வந்து, வெடித்த துண்டைப் புரட்டிப் பார்த்தார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“அப்ப நாளைக்கு நான் எதும்மேல நிக்கறது நைனா?” என்று என்னைத்தான் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். ஜாபர் மெஷினை நிறுத்தினான். தன் படியைவிட்டு இறங்கினான். அதைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த தகட்டுத் தூளைத் தட்டிவிட்டு, பழைய துணியால் துடைத்து, தூக்கிப்போய் அக்கா முன்னால் வைத்தான். “ஏறி நின்னு பாருக்கா” என்றான். பிறகு கொல்லையிலிருந்து நாலு செங்கல் எடுத்து வந்து, மெஷின் முன்னால் அடுக்க ஆரம்பித்தான்.