ஆறு மணித்தியாலத்தில் வந்துசேர முடியாத ஊர்

கொழும்புக்குப் பிள்ளையை வைத்தியத்துக்குக் கூட்டிப்போக இருப்பவர்கள் சிலர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். சண்டை முடிகிற பாடாக இல்லை. அதனால் நான் போன மாதம் பட்டதை எழுதுகிறேன். நாலு வயது மகனைக் குளிப்பாட்டும்போது மனைவிதான் கண்டுபிடித்தாள். விதைப்பையில் இரண்டு விதை இருக்கவேண்டிய இடத்தில் மூன்று. பிறவியிலேயே அப்படியாம், மிக அரிதாம். வெட்கத்தில் ஊருக்குக் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தோம்.

வவுனியாவைவிட்டு வெளியேற ஆமியிடம் பாஸ் எடுக்க மூன்று நாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, மதவாச்சி செக்பொயின்டில் பையைக் கொட்டிக் காட்டி, ரயிலேறி கொழும்பு மருதானையில் இறங்க இரவு ஏழரை. 254 கிலோமீற்றருக்குப் பதினாலு மணித்தியாலம். மகன் தோளிலேயே தூங்கிவிட்டான். வெள்ளவத்தை லொட்ஜில் நாளுக்கு 900 ரூபாய். வெளியூர்த் தமிழர் பொலிஸில் பதிந்து துண்டு வாங்கவேண்டும்; பதிவில் வந்த காரணம் கேட்டார்கள். பழக்கதோஷத்தில் அங்கேயும் குடலிறக்கம் என்று எழுதித் தொலைத்தேன்.

மறுநாள் கொட்டாஞ்சேனை கிளினிக்குக்கு ஓட்டோ, 350 ரூபாய். "அண்ணே, மூண்டு செக்பொயின்ட் இருக்கு. துண்டுகளைக் கையில வச்சிருங்கோ," என்றார் சாரதி. இரண்டாவதில் மாட்டினேன். பொலிஸ் துண்டில் ஒரு நோய், வவுனியா டொக்டர் தந்துவிட்ட கடிதத்தில் வேறு நோய். நாற்பது நிமிடம் வெயிலில் நின்று, சொந்தக்காரருக்கே சொல்லாததை உடைந்த சிங்களத்தில் மூன்று விரலைக் காட்டிச் சொன்னேன். சிப்பாய் சிரிக்கவில்லை. மகனைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

ஸ்கேனைப் பார்த்த டொக்டர், "வெட்டத் தேவையில்லை. வருசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் செய்து பாப்பம்," என்றார். முருகா என்று மூச்சு விட்டேன்.

"ஒண்டு மட்டும் கவனம். அந்த மூண்டாவது திடீரெண்டு முறுகலாம், முறுகினா ரத்தம் ஓடாம அழுகிப்போம். வலியெண்டா ஆறு மணித்தியாலத்துக்குள்ள கொண்டு வந்திருங்கோ."

"எங்க டொக்டர்? எங்கட பக்கம் சின்னப் பிள்ளையளுக்கு ஒப்பரேசன் செய்ய ஆள் இல்லை. இங்க வாறதெண்டா பாஸ் எடுக்கவே மூண்டு நாள்."

அவர் பேனையை மூடி வைத்தார்.

"அப்ப இப்பவே வெட்டி, முறுகாம தைச்சு விடுவம்," என்றார்.

வெள்ளிக்கிழமை தைத்தார்கள். போகிறவர்கள் லொட்ஜுக்கு நாலு நாள் கூடக் கணக்குப் போடுங்கள். பொலிஸ் பதிவில் கடிதத்தில் உள்ளதையே எழுதுங்கள். வெட்கம் செக்பொயின்டில் செல்லாது.

கொழும்பிலேயே இருக்கிற வெள்ளவத்தைப் பிள்ளையென்றால் ஸ்கேனோடு வீட்டுக்குப் போயிருக்கும். மகனுக்கு என்ன வருத்தத்துக்கு வெட்டினது என்று ஊரில் கேட்கிறார்கள். இப்போது குடலிறக்கம் என்று சொல்வதில்லை. மதவாச்சி என்கிறேன்.