ஆபீசர் எங்கள் வீட்டுக்கு வந்த மழைக்காலம்

மழைக்காலத்தில் உப்பு மூட்டை வியர்க்கும். எங்கள் வீட்டுச் சமையல் மூலையில் சாய்த்து வைத்திருந்த சாக்கின் அடியிலிருந்து நீர் கசிந்து, சிமெண்ட் தரையில் ஒரு முறம் அகலத்துக்கு ஈரம் படர்ந்து கிடக்கும். கால் வைத்தால் உப்புப் பரல்கள் நறநறவென்று மிதிபடும். அந்த ஈரத்தின் வாடை எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்தான் என்றாலும், நான் ஐந்தாவது படித்த வருஷம் அதோடு நாய் மூத்திர வாடையும் சேர்ந்துகொண்டது. அம்மா பினாயில் ஊற்றிக் கழுவிக் கழுவிப் பார்த்தாள், போகவில்லை.

மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அப்பா என்பவர் வருஷத்தில் மூன்று மாதம்தான் முழுதாகக் கிடைப்பார். தை பிறந்து பாத்தி திருத்தத் தொடங்கிவிட்டால், நான் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிப் போய், வெயிலில் காய்ந்து கருகித் திரும்பி வந்து, கால் வெடிப்புகளில் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிடும் மனிதர் அவர்; அந்த நேரத்தில் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் "போம்மா, போய் வெளையாடு" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. ஐப்பசியில் மழை இறங்கி, பாத்திகளும் வரப்புகளும் ஒரே தண்ணீராகிவிட்டால் அளத்தில் வேலை இல்லை. பெரியவர்களுக்கு அது கையைப் பிசைந்துகொண்டு உட்காரும் காலம், எனக்கோ அதுதான் திருவிழா. சைக்கிளின் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் தாயம் ஆடுவார், அவருடைய காய்களை நான் வெட்டும்போதெல்லாம் "அய்யய்யோ" என்று தலையில் அடித்துக்கொள்வார். நான் ஒரே பிள்ளை. பங்குக்கு ஆள் இல்லாமல் வளர்ந்தவள்.

அப்படிப்பட்ட ஒரு ஐப்பசியில்தான், முதல் மழையில் நனைந்து வந்த அப்பா சட்டைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்துத் தரையில் விட்டார். அளத்துக் காவல் கொட்டகையில் பிறந்த குட்டி அது. தாய் உப்பு லாரியில் அடிபட்டுச் செத்துப்போய், கொட்டகைக்குள்ளும் தண்ணீர் ஏறிவிட்டதால் தூக்கி வந்துவிட்டார். குட்டைக் கால், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து, நின்று நிதானித்துப் பார்க்கும் பார்வை. கூப்பிட்டால் வராது, போ என்றால் போகாது. "பெரிய ஆபீசரு, மனு போட்டாத்தான் வருவாரு" என்று அப்பா சொன்னார், அன்றிலிருந்து அதற்கு "ஆபீசர்" என்றே பேர் நிலைத்துவிட்டது.

"மழை உடுற வரைக்கும்தான்" என்று அம்மாவிடம் அவர் உறுதி சொல்லியிருந்தார். ஆனால் ஆபீசர் வந்த மறுநாளே உப்பு மூட்டையின் ஓரத்தில் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டது. வேறெங்கே போயிருந்தாலும் அம்மா இரண்டு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பாள். உப்பில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது.

"ஏங்க, இங்க வந்து பாரு! உப்பு மூட்டையாண்ட போய் வெச்சிருக்குது. அது லட்சுமிங்க! இத்த கொண்டும்போய் வந்த எடத்துலயே உட்டுட்டு வா" என்று அம்மா துடைப்பத்தோடு நின்றாள்.

"வாயில்லாத ஜீவன் அது. சொல்லிக்குடுத்தா கத்துக்கும்" என்றார் அப்பா.

அன்று தொடங்கிற்று பாடம். ஆபீசர் கஞ்சி குடித்து முடித்ததும் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்து முருங்கை மரத்தடியில் விட்டு, வீட்டிலிருந்த ஒரே குடையை அதன் தலைக்கு மேல் பிடித்து, தான் நனைந்துகொண்டு, "உஸ்ஸ்... உஸ்ஸ்" என்று கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே நிற்பார். ஆபீசர் மழையைப் பார்க்கும், குடையைப் பார்க்கும், அப்பாவைப் பார்க்கும். ஒரு சொட்டு வராது. கால் மணி நேரம் கழித்து உள்ளே தூக்கி வந்து விட்டால் குடுகுடுவென்று ஓடிப்போய் உப்பு மூட்டையின் ஓரத்தில் இருந்துவிட்டு வரும். நான் அந்தக் குடை இல்லாமல், யூரியா சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

கோபத்திலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "நம்ம பாப்பாவுக்குக்கூட நீ இத்தன உஸ்ஸு சொன்னதில்லய்யா" என்றாள் ஒருநாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. தாயக்கட்டை உறியில் கிடந்தது. எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தால், "இரு பாப்பா, ஆபீசர் இப்பதான் துன்னாரு, இட்டுனு போவணும்" என்று எழுந்துவிடுவார். பொறாமை என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். அது காலையில் கண் விழிக்கும்போதே நம்மோடு சேர்ந்து விழித்துக்கொள்ளும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

ஆபீசரின் ரகசியத்தைக் கண்டுபிடித்தது நான்தான், அதுவும் ஒரு கொய்யாக்காயால். மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், தோட்டத்துப் படியில் உட்கார்ந்து காயைக் கடித்துக் கடித்து உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தபோது, காகிதத்தில் வைத்திருந்த உப்பு கைதவறித் தரையில் கொட்டிவிட்டது. ஆபீசர் வந்தது, மோந்தது, அதன்மேல் ஏறி நின்று மூன்று சுற்றுச் சுற்றியது, இருந்துவிட்டது. பாதி கடித்த காயோடு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அழுக்குப் புத்தியும் இல்லை, பிடிவாதமும் இல்லை; அளத்தில் பிறந்தது, காலுக்கடியில் பரல் நறநறத்தால்தான் அது வெளி இடம் என்று அதற்குத் தெரியும். எங்கள் தோட்டத்து மண்ணைத்தான் அது வீடு என்று நினைத்திருக்கிறது.

சரிபார்க்க வேண்டுமே என்று மறுநாள் ஒரு கைப்பிடி உப்பை முருங்கை மரத்தடியில் தூவினேன். அப்பா குடையோடு கொண்டுபோய் விட்டதும் நேராக அங்கே போய் இருந்தது. அப்பா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் தூவினேன். நான்காம் நாள் தூவாமலே ஆபீசர் அங்கே போய் இருந்தது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் மழையில் நனைந்து நின்று சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். வேலை என்னுடையது, பேர் ஆபீசருக்கும் அவருடைய உஸ்ஸுக்கும் போய்விட்டது.

"பாத்தியா, கத்துக்கிச்சு பாத்தியா!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அம்மாவும் இறங்கி வந்து, "சரி, இருந்துட்டுப் போவட்டும். ஆனா இன்னொரு தபா உள்ள இருந்துச்சு, அன்னிக்கே கெளம்பிடணும், சொல்லிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு ஆபீசருக்கு அப்பாவின் பாயில் கால்மாட்டில் இடம் கிடைத்தது. ஒரு கூடையில் சாக்கை மடித்துப் போட்டு, அதைச் சைக்கிளின் முன்னால் கட்டி, டீக்கடைக்கு அழைத்துப் போனார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் கிளம்பியபோது, முன்கம்பியில் என் இடத்தை மறித்துக்கொண்டு அந்தக் கூடை இருந்தது. "நீ பெரிய பொண்ணாயிட்ட பாப்பா, பின்னால ஒக்காரு" என்றார். வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். பேசிக்கொண்டுதான் மிதித்தார், என்னிடம் அல்ல.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அம்மா வீடு முழுக்கக் கழுவித் துடைத்து, சாமி படங்களுக்குப் பொட்டு வைத்து, குத்துவிளக்கைத் துலக்கி வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். அப்பா தோட்டத்தில் விறகை மூடிக்கொண்டிருந்தார். நான் சாக்கில் கையை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளி, சாமி படங்களுக்கு நேர் கீழே, துடைத்துக் காய்ந்த தரையில் தூவினேன். பிறகு, "ஆபீசர், வா" என்று கூப்பிட்டேன். எப்போதும் வராத நாய் அன்று கூப்பிட்டதும் வந்தது. மோந்து பார்த்து, மூன்று சுற்றுச் சுற்றி, இருந்தது. இருந்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது, அப்பா அதன் தலையைத் தடவி "சமத்து" என்று சொல்வாரே, அதற்காக. நான் சொல்லவில்லை.

அம்மா திரும்பி வந்து போட்ட கூச்சலை இப்போது எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை, சாமி மாடம், போதாததற்கு அவள் முன்பே சொல்லிவைத்த கெடு வேறு. மறுநாள் காலை ஆபீசரைக் கூடையில் வைத்துக்கொண்டு போய், அனுமந்தையில் மீன்பிடித் தொழில் செய்யும் தன் சிநேகிதரிடம் கொடுத்துவிட்டு, வெறும் கூடையோடு வந்தார்.

திங்கட்கிழமை முன்கம்பியில் மறுபடி துண்டு மடித்துப் போடப்பட்டது. ஏறி உட்கார்ந்தேன். பாதி தூரம் வரை அப்பா மிதித்துக்கொண்டே வந்தார். அப்புறம், "எனக்கு சொல்லிக்குடுக்க வரல பாப்பா. நல்லா சொல்லிக்குடுத்திருந்தா அது ஏன் அப்டி பண்ணப்போவுது" என்றார். நான் பெல்லை அடித்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் தாயம் ஆடினோம். நான் வெட்டினால் காயை எடுத்து வைத்தார், "அய்யய்யோ" வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்கி வருகிறேன் என்று அனுமந்தைக்குப் போய், மீன் இல்லாமல் திரும்பி வந்தார். அந்த நாய் போன பிறகும் அவருக்குள்தான் இருந்தது. இப்படியே தை வந்துவிட்டது.

இதெல்லாம் நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அந்தக் காவல் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. எங்கள் தோட்டத்தையும் முருங்கையையும் அகலமான சாலை எடுத்துக்கொண்டது. அம்மா போய்விட்டாள். அப்பா புதுச்சேரியில் என் வீட்டில், முழங்கால் வலியோடு, தொலைக்காட்சிக்கு எதிரே இருக்கிறார். போன மாதம் என் மகள் நாய்க்குட்டி வேண்டும் என்று அவரிடம் அடம்பிடித்தாள். "வேணாண்டி கண்ணு. தாத்தாவுக்கு நாய் வளக்கத் தெரியாது. ஒண்ண வளத்து, ஒழுங்கா சொல்லிக்குடுக்காம அத வீட்ட உட்டே அனுப்ப வெச்சிட்டேன்" என்று அவர் சொல்வது சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. இத்தனை வருஷமாகவா அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்? அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கொய்யாக்காயிலிருந்து வெள்ளிக்கிழமை வரை, ஒன்றுவிடாமல்.

அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "அப்ப அங்க உப்பு இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சுப்பா. நான்தான் போட்டேன்."

"அப்ப ஆபீசர் தப்பு பண்ணலயே! காட்டுன எடத்துலதான போயிருக்குறாரு!" என்று தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். முழங்கால் வலியை மறந்து எழுந்தே விட்டார். பேத்தியைக் கூப்பிட்டு, அந்த நாய் எவ்வளவு புத்திசாலி என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அனுமந்தை சிநேகிதரின் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார். காலையில் பால்காரரிடம் சொன்னார். அம்மா செத்ததற்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும் அவர் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல, நான் இன்னும் பதில் வைத்திருக்கிறேன்.