ஹேடன் உலையின் செப்புப் பென்னி

1963ஆம் ஆண்டு அக்டோபர் 12, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வென்ஸ்பரி என்ற ஆங்கிலேய ஊரில் ஒரு மதுக்கடையின் மாடியறையில் நாணயச் சங்கத்தின் ஏலம் தொடங்கிய வேளையில்தான் ஹொரேஸ் டிரான்டர், லயனல் டக்மோரை முதன்முதலாகப் பார்த்தார். பார்த்த சற்று நேரத்திலேயே அவரிடம் தோற்றும் போனார்.

ஹொரேஸ் பேருந்து ஓட்டுபவர். டக்மோர் காப்பீட்டு முகவர். இருவரும் கை உயர்த்தியது, 1812இல் ஹேடன் இரும்பு உலையின் முதலாளி தம் பெயரில் அடித்து வெளியிட்ட ஒரு செப்புப் பென்னிக்காக. கூலி கொடுக்க அரசாங்கத்தின் சில்லறை போதாத அந்தக் காலத்தில் முதலாளிமார் தாங்களே காசு அடித்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் சட்டம் வந்து அவற்றைச் செல்லாக் காசாக்கியது. பெரும்பாலானவை மீண்டும் உலைக்கே போயின. ஹேடன் பென்னியில் தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஹொரேஸின் முப்பாட்டனார் அந்த உலையில் கூலி வாங்கியவர். அவரைப் பற்றிக் குடும்பத்தில் எஞ்சியிருந்தது அந்த ஒரு செய்திதான். படமும் இல்லை, கல்லறையும் இல்லை. அவர் கையில் விழுந்த காசைப் போன்ற ஒன்று தம் கையில் இருக்கவேண்டும் என்பதே ஹொரேஸின் ஆசை. ஏலம் தம் வாரச் சம்பளத்தைத் தாண்டியபோது அவர் கையை இறக்கினார். டக்மோரின் கை இறங்கவில்லை.

தோற்றவர் வென்றவருக்கு நண்பரானார். மாதம் ஒருமுறை கூட்டம் முடிந்ததும் இருவரும் கீழே இறங்கி, பீரும் பன்றிக்கறி போட்ட சாம்பல்நிறப் பட்டாணியும் வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். அந்தப் பென்னியை டக்மோர் ஆண்டுக்கு இரண்டு முறை மேசைத் துணியின் மேல் வைத்து நீட்டுவார். ஹொரேஸ் அதன் விளிம்பை மட்டும் பிடித்து, புகைபோக்கியும் கொழுந்துவிடும் தீயுமாகச் செதுக்கப்பட்ட உலையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். உடையவர் தம் கையால் எடுத்துத் தந்தாலன்றி மற்றவருடைய காசைத் தொடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம்.

1969இல் டக்மோர் ஒரு புதிய தொகுப்பேடு வாங்கினார். ஒவ்வொரு தாளிலும் மெத்தென்ற பிளாஸ்டிக் பைகள். காசை வெளியே எடுக்காமலே இரு பக்கமும் பார்க்கலாம். சங்கத்தில் பாதிப்பேர் அதையே வாங்கினார்கள். ஹொரேஸும் வாங்கினார். மூன்றாம் குளிர்காலத்தில் அவருடைய காசுகளில் மலிவான ஒன்று பையோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது பசைபோலப் பச்சையாக ஏதோ கசிந்திருந்தது. துடைத்தால் அடியில் செம்பு அரித்திருந்தது. அன்றே எல்லாவற்றையும் எடுத்து அசிட்டோனில் கழுவிக் காகித உறைகளுக்கு மாற்றினார். வீடெல்லாம் நாற்றம்.

“நகப்பூச்சு அழிக்க எனக்கு ஒரு சொட்டு மிச்சம் வை,” என்றாள் அவர் மனைவி மியூரியல். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ எனக்கு வாங்கித் தந்த அலங்காரப் பொருள் இது ஒண்ணுதான்.”

அடுத்த கூட்டத்தில் டக்மோரின் ஏடு திறந்தது. ஹேடன் பென்னியின் விளிம்பில், தீக்கொழுந்துக்கு மேலே, மெல்லிய பச்சைக் கோடு. ஹொரேஸ் பதறாமல் விஷயத்தைச் சொன்னார்: பை செம்பைத் தின்கிறது, வெளியே எடுத்துவிட வேண்டும்.

டக்மோர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். பழஞ்செம்பில் படரும் பச்சைதான் அதன் அழகு, அதற்குத்தான் விலையே என்பது சேகரிப்பவர்களுக்குப் பால பாடம். தவிர, பிறர் காசு ஒன்றின்மேல் கண் வைத்தவன் முதலில் அதற்கு நோய் இருப்பதாகத்தான் சொல்வான் என்பதும் அந்த அறை அறிந்ததே.

“எட்டொம்பது வருஷமா இதுமேல கண்ணு உனக்கு,” என்றார் டக்மோர். “இப்ப காசுக்குக் காய்ச்சல்னு சொல்ற. அப்புறம் வைத்தியம் பாக்கறேன்னு வீட்டுக்குக் கொண்டுபோவே. சரிப்பா, எல்லாரும் கேட்டுக்கோங்க: இது கெட்டுப்போச்சுன்னா, ஹொரேஸ், நான் உன் கையிலயே சும்மா தூக்கிக் குடுத்துடறேன்.”

அறை சிரித்தது. ஹொரேஸும் சிரித்துவைத்தார். அந்த ஊரில் அந்த உண்மையைச் சொல்லத் தகுதியற்ற ஒரே மனிதர் தாம்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வேறொரு உறுப்பினரைச் சொல்லச் சொன்னார். “ஹொரேஸ் அனுப்பினானா?” என்று கேட்டு டக்மோர் அவரையும் அனுப்பிவைத்தார். ஒருமுறை டக்மோர் பீர் வாங்கக் கீழே போயிருந்தபோது ஏடு மேசையில் திறந்தே கிடந்தது. பச்சை இப்போது புகைபோக்கிவரை இறங்கியிருந்தது. ஹொரேஸின் கோட்டுப் பையில் ஒரு சிறு புட்டி அசிட்டோன். அதை அவர் கூட்டத்துக்கெல்லாம் சுமந்து வந்துகொண்டிருந்தார். ஏட்டிலிருந்த பிளாஸ்டிக் பையின் வாயை அவர் விரல் தொட்டது. உருவி, கழுவி, டக்மோர் படியேறுவதற்குள் வைத்துவிடலாம். ஆனால் யாராவது பார்த்துவிட்டால்? அதைவிட, யாருமே பார்க்காவிட்டால், அந்த விரல் பிறகு தம்முடையதாக இருக்குமா? கையை எடுத்து முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் ஈரக்காற்று வீசும் நாளிலெல்லாம் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்தப் பையையே நினைத்திருப்பார். யாரோ நோயாளியின் படுக்கையறைக்கு வெளியே, உள்ளே விடாமல் நிறுத்தப்பட்டவரைப் போல.

1978 பிப்ரவரியில் ஒரு வெளியூர் விருந்தினருக்குக் காட்ட, டக்மோர், ஏட்டில் போட்டபின் முதன்முறையாக, பென்னியைப் பையிலிருந்து உருவினார். அது வர மறுத்தது. இழுத்தபோது பச்சை நீர் துணியில் சொட்டியது. உலை இருந்த இடத்தில் சொரசொரப்பான பள்ளம். முதலாளியின் பெயரில் இரண்டெழுத்து மிச்சம். எல்லாருக்கும் அந்த வாக்கு நினைவிருந்தது. எல்லாரும் ஹொரேஸைப் பார்த்தார்கள், டக்மோரும் பார்த்தார்.

ஹொரேஸ் கோட்டுப் பையிலிருந்து புட்டியை எடுத்தார். “கழுவித் தரட்டுமா லயனல்?” என்று கை நீட்டினார். டக்மோர் கொடுத்தார். ஒரு சாஸரில் ஊற்றிக் கழுவி, பஞ்சால் ஒற்றி, காகித உறையில் இட்டு, அதை டக்மோரின் ஏட்டின் மேலேயே வைத்தார். “இனிமே பரவாது,” என்றார். புட்டியை மூடிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மியூரியல் விடவில்லை. “எல்லார் முன்னாடியும் சொன்ன வாக்கு. உன்னோடதுதானே அது?”

“இப்ப கேட்டா, அன்னிக்கும் இதுக்காகத்தான் சொன்னேன்னு ஆயிடும்.”

“கேக்காட்டி மட்டும்? உங்க முப்பாட்டன் கூலி வாங்கின உலை அந்தக் காசுமேல திரும்பி வந்துடுமா?”

“வராது,” என்று ஒப்புக்கொண்டார்.

அதன்பிறகு கூட்டம் முடிந்ததும் பீருக்குப் பணம் கொடுப்பவர் எப்போதும் டக்மோராகவே இருந்தார். காகித உறை அவருடைய உள்பையில் இருந்தது. ஹொரேஸ் கேட்பதற்காகக் காத்திருந்தது. அவர் கேட்காமலே தாமாக எடுத்து நீட்டிவிடும் துணிவு டக்மோருக்கு வரவில்லை. ஆறு ஆண்டுகள் இருவரும் பட்டாணியைத் தின்றபடி மழையைப் பற்றியும் பேருந்துக் கட்டணத்தைப் பற்றியும் பேசினார்கள். 1984 மார்ச்சில் ஹொரேஸ் இறந்தார். எல்லார் முன்னும் தமக்குத் தரப்பட்ட அந்த வாக்கை, அவர் ஒருநாளும் கேட்டு வாங்கவில்லை.