விருத்தாம்பாள் வீட்டு உப்பு

விருத்தாம்பாளுக்கு நாற்பத்துநாலு வயது. மரக்காணத்து உப்பளத்தில் இருபத்தாறு வருஷமாக உப்பு வாருகிறாள். அவள் வேலைக்குப் போகிற வழியில், சாலையோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு கருங்கல் நிற்கிறது. அதில் அவள் அண்ணன் பலராமனின் பெயரும், பட்டாளத்தில் அவனுக்குக் கொடுத்த எண்ணும், அவன் இறந்த தேதியும் வெட்டியிருக்கின்றன. ஊர்க்காரர்கள் வைத்த கல். கடல் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பு இருப்பதால், வாரம் ஒரு முறை துடைக்காவிட்டால் எழுத்துப் பள்ளங்களில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சொம்பு நல்ல தண்ணீரும் பழைய டூத் பிரஷும் எடுத்துப் போய் எழுத்தெழுத்தாகத் தேய்ப்பாள்.

"சாமிக்குக்கூட நீ இவ்ளோ பண்ண மாட்ட" என்பான் அவள் கணவன் சகாதேவன்.

"சாமி கோயிலுக்குள்ள இருக்குது. இவன் காத்துல நிக்கிறான்" என்பாள்.

பலராமன் இறந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. வடக்கே மலையுச்சியில் ஒரு காவல் நிலையில் இருந்தபோது பனி சரிந்து மூடிவிட்டது. அவன் உடலைப் பெட்டியில் கொண்டுவந்தவர் அதே படைப்பிரிவில் இருந்த ராமதாஸ். ரயிலில் சென்னை வரைக்கும், அங்கிருந்து வண்டியில் இந்த ஊர் வரைக்கும் பெட்டியை விட்டு அகலவில்லை. அடக்கம் முடியும்வரை வெயிலில் நின்றார். விருத்தாம்பாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மே மாதம் பலராமன் இறந்த தேதியில் வருகிறார். இப்போது ஓய்வு பெற்றுத் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வெள்ளைச் சட்டை, மினுக்கிய கறுப்பு ஷூ, நெஞ்சில் பதக்கங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கல்லுக்கு முன்னால் நின்று சல்யூட் அடிப்பார். பிறகு வீட்டுக்கு வந்து பலராமன் படத்துக்கு ஒரு சல்யூட். பத்து நிமிஷம் நின்றபடியே எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். குடிக்கத் தண்ணீரைக்கூட ஒரு பாட்டிலில் கையோடு கொண்டுவருவார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் ஒருநாளும் கை நனைத்ததில்லை.

சொந்தக்காரர்களுக்குள் பகை வந்தால்தான் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காமல் போவார்கள். இவருக்கு என்ன பகை? விருத்தாம்பாளுக்கு அது வருஷா வருஷம் உறுத்தியது. காரணம் சில வருஷங்களுக்கு முன்புதான் தெரிந்தது. பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது சகாதேவன் துணிந்து கேட்டுவிட்டான்.

"அன்னைக்கு டூட்டி என்னோட முறைங்க" என்றாராம் ராமதாஸ். "எனக்குக் காய்ச்சல். 'நீ படுடா, நான் போறேன்'னு போனான். அவன் வீட்டு உப்பைத் திங்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குது, சொல்லுங்க."

சகாதேவன் வந்து சொன்னதைக் கேட்ட விருத்தாம்பாளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இந்த மனுஷனுக்கு ஒரு வேளை சோறு போடாமல் விடக்கூடாது என்று மட்டும் தோன்றியது. ஆனால் அவராக வாய் திறக்காத விஷயத்தை எப்படி எடுப்பது? அடுத்தடுத்த வருஷங்களிலும் அவள் சமைத்தாள். அவர் பாட்டிலோடு வந்து பாட்டிலோடு போனார்.

இந்த வருஷம் அந்தத் தேதி வேலைநாளில் வந்தது. விருத்தாம்பாள் லீவு சொல்லியிருந்தாள். ஆனால் அவளோடு ஜோடியாக வேலை செய்யும் கொளஞ்சியம்மாளுக்கு முந்தின நாளே காய்ச்சல் வந்துவிட்டது. உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி படுத்துவிட்டால் அவளுடைய உப்புப் பாத்திகளை ஜோடிக்காரி பார்க்க வேண்டும். யாரும் வந்து கேட்க மாட்டார்கள், யாரும் நன்றி சொல்லவும் மாட்டார்கள். விருத்தாம்பாள் சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் ஆக்கி வைத்துவிட்டு, விடியுமுன்னே பாத்திக்குப் போய்விட்டாள்.

ஒன்பது மணி பஸ்ஸில் ராமதாஸ் வந்தார். கல்லுக்கு சல்யூட் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது சகாதேவன் தன் டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான்.

"மேக்கால பாத்தீங்களா சார்? மானம் கறுத்துடுச்சு. மழை இறங்குனா வாராத உப்பெல்லாம் கரைஞ்சிடும். வீட்டுக்காரி ரெண்டு ஆள் வேலைய ஒண்டியா பாத்துட்டு இருக்குது. நான் போறேன், நீங்க இருங்க."

"நானும் வர்றேன்" என்று ராமதாஸ் பின்னால் ஏறிக்கொண்டார்.

பாத்திகளில் எல்லாரும் ஓட்டமாக இருந்தார்கள். கொளஞ்சியம்மாளின் எட்டுப் பாத்திகளும் அப்படியே கிடந்தன. ராமதாஸ் ஒரு நிமிஷம் பார்த்தார். பதக்கங்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பைக்குள் போட்டார். ஷூவை வரப்பில் ஜோடியாக வைத்து, பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார்.

"அண்ணா, நீங்க எதுக்கு? கால் வெந்துடும்" என்றாள் விருத்தாம்பாள்.

"பனியிலயே வேகாத காலும்மா. பலகைய எங்க?"

நீண்ட கழியின் முனையில் பொருத்திய பலகையை அவரிடம் கொடுத்தாள். உப்பு வாருவதைப் பார்த்தால் பெருக்குகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் பாத்தியில் விரலளவு தண்ணீர் நிற்கும்போதே, பலகையை அதில் மிதக்கவிட்டதுபோல இழுக்க வேண்டும். அழுத்தினால் அடியிலிருக்கும் களிமண் பெயர்ந்து உப்போடு வந்துவிடும். ராமதாஸ் பலம் முழுவதையும் போட்டு அழுத்தி இழுத்தார். முதல் பாத்தியின் உப்பு பாதிச் சேற்றோடு கரைக்கு வந்தது.

"சார், பதுங்குகுழி வெட்டச் சொல்லல, உப்பு வாரச் சொன்னோம்" என்றான் சகாதேவன் பக்கத்துப் பாத்தியிலிருந்து.

ராமதாஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது பாத்தியில் கை பழகியது. ஐந்தாவதில் உப்பு வெள்ளையாக வந்தது. எட்டும் முடிந்து, குவியல்கள்மேல் தார்ப்பாய் போட்டு ஓரங்களில் கல் வைத்த பிறகு மழை வந்தது. பத்துச் சொட்டு விழுந்திருக்கும். அதற்குள் காற்று மேகத்தைக் கடல்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

"இதுக்கா இவ்ளோ ஓட்டம்" என்றான் சகாதேவன்.

எல்லாரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். கூழ்த்தூக்கைத் திறந்தார்கள். ராமதாஸ் பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்தார். அதில் ஒரு மடக்குத்தான் மிச்சம் இருந்தது. குடித்துவிட்டு மூடியைத் திருகினார். விருத்தாம்பாள் கூழை நீட்டவில்லை. அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீங்க வாரினது யாரு பாத்தி தெரியுமா?"

"யாரோடது?"

"கொளஞ்சியக்காவோடது. அவங்களுக்குக் காய்ச்சல். அவங்க முறையத்தான் நீங்க செஞ்சீங்க. நாளைக்கு அவங்க உங்களப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவணுமா? உங்க வீட்டுல தண்ணி குடிக்கக் கூடாதா?"

ராமதாஸ் சகாதேவனைப் பார்த்தார். சகாதேவன் கூழைக் கரைப்பதில் மும்முரமாக இருந்தான்.

"எங்கண்ணன் இந்தப் பாத்தியில வேலை செஞ்சவன்தான்" என்றாள் விருத்தாம்பாள். "பட்டாளத்துக்குப் போறவரைக்கும் எத்தினி பேரு முறைய செஞ்சிருப்பான். அங்க போயும் அதைத்தான் செஞ்சான். நீங்க கேட்டு அவன் போவல."

ராமதாஸ் தன் முதல் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாய்க்கு வெளியே அது தனியாகக் கிடந்தது. சேறு கலந்ததை நல்ல உப்போடு சேர்க்க முடியாது. விருத்தாம்பாள் எழுந்து போய் அதிலிருந்து இரண்டு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ராமதாஸ் தொட்டியில் கால் கழுவினார். கால் கழுவி, ஷூ போட்டு, பதக்கங்களை மறுபடி குத்திக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார். சல்யூட் அடித்தார். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கை நெற்றியிலேயே இருந்தது. விருத்தாம்பாள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. ஷூச் சத்தம் வாசலை நோக்கிப் போகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாசல்வரை போயிற்று. அங்கே நின்றது. ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, பசிக்குது" என்றார்.

இலையைப் போட்டாள். சோறும் குழம்பும் வைத்தாள். ராமதாஸ் ஒரு வாய் பிசைந்து வாயில் போட்டு மென்றார். விழுங்கினார். இன்னொரு வாய். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"தப்பா நினைக்காதம்மா. குழம்புல உப்பு கம்மி."

விருத்தாம்பாள் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் கொஞ்சம் உப்புத் தண்ணீர். அடியில் மெல்லிய களிமண் படிந்திருந்தது.

"கருவாட்டு உப்பே போதும்னு காலையில போடல. இப்ப இதைக் கம்மியாத்தான் ஊத்துனேன். நீங்க வாரின உப்பைக் கரைச்சது. சேறு இப்பத்தான் தெளிஞ்சுது" என்றாள்.

அவர் கிண்ணத்தைச் சாய்த்து, அடிமண் கலங்காமல் மேலாக இரண்டு சொட்டு சோற்றின்மேல் விட்டுக்கொண்டார். முதல் பாத்தியில் வராத நிதானம் இப்போது கையில் வந்திருந்தது. பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்குது" என்றார். இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். விருத்தாம்பாளின் சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தார்.

"நாளைக்கு கொளஞ்சியக்கா எழுந்து வந்துடும்" என்றான் சகாதேவன். "முதல் பாத்தியில பள்ளம் வெட்டி வெச்சதைப் பாத்துட்டு யாரைத் திட்டப் போவுதோ. அது வாயில வுழுந்தா தப்பிக்க முடியாது மச்சான்."

ராமதாஸ் இலையை மடித்தார்.

"என் பேரைச் சொல்லிடுங்க" என்றார்.